இறுகிப்போன ஸ்டார்ட்டிங் ஹேண்டில்: எண்ணெயா, தீயா, ரம்பமா?

பழைய டிராக்டரின் முன்னால், என்ஜினைக் கையால் சுற்றிக் கிளப்ப இருக்கும் ஸ்டார்ட்டிங் ஹேண்டில் இறுகிவிட்டால் மதுரைப் பக்கம் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். டீசலை ஊற்றிவிட்டுப் பேசாமல் இரு, தானாக இளகும் என்பார் ஒருவர். கேஸ் வெல்டிங்காரரைக் கூப்பிட்டுச் சூடு காட்டு என்பார் இன்னொருவர். நீளமான பைப்பை மாட்டி ரெண்டு பேர் தொங்கினால் வராமல் எங்கே போகும் என்று ஒரு குரல் வரும். லேத் பட்டறைக்காரர், "அறுத்துப் போடுங்கண்ணே, புதுசு கடைஞ்சு தர்றேன்" என்பார். பைப் யோசனை ஒன்றுதான் எந்த வண்டிக்கும் ஆகாது. மற்ற மூன்றும் இடம் பார்த்துச் செய்தால் பலிக்கும். ஆனால் ஒன்றைச் செய்துவிட்டால் இன்னொன்றைச் செய்ய முடியாமல் போகும் சிக்கலும் இதில் உண்டு. அதனால் முதலிலேயே கொஞ்சம் யோசித்து இறங்குவது நல்லது.

எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். என்ஜினின் முக்கியச் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முன் முனையில் ஃபேன் பெல்ட் கப்பி இருக்கும். அதை இறுக்கிப் பிடித்திருக்கும் பெரிய நட்டின் முகத்தில் சாய்வான பற்கள் வெட்டியிருப்பார்கள். இதை டாக் நட் என்பார்கள். ரேடியேட்டருக்குக் கீழே, முன் அச்சைத் தாங்கும் வார்ப்பிரும்பு பிராக்கெட்டில் ஒரு துளை, துளைக்குள் ஒரு புஷ் (உலோக வளையம்), புஷ்ஷுக்குள் ஹேண்டில் ஷாஃப்ட். ஷாஃப்ட்டின் உள்முனையில் குறுக்காக ஒரு பின் (ஆணி). ஹேண்டிலை உள்ளே தள்ளினால் பின் டாக் நட்டின் பல்லில் உட்காரும், வலப்பக்கம் சுற்றினால் என்ஜினும் சுற்றும். என்ஜின் பிடித்ததும் டாக் நட் ஹேண்டிலை விட வேகமாக ஓடும். அப்போது பல்லின் சாய்வு பின்னை வெளியே தள்ளிவிடும், ஸ்பிரிங் ஷாஃப்ட்டை முன்னால் இழுத்து நிறுத்திவிடும்.

எல்லா வண்டியிலும் இந்த ஸ்பிரிங் கிடையாது. ஃபோர்ட்சன் 'மாடல் N' போன்ற வண்டிகளில் ஹேண்டில் வண்டியோடேயே தொங்கும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரியில் செய்த ஃபெர்குசன் டி.இ.20-இல் ஹேண்டில் தனிச் சாமான், வேலை முடிந்ததும் உருவி வைத்துவிட வேண்டியது. உருவாமல் அப்படியே விட்டுவிட்டால் அதுவும் துருவேறித் துளையோடு ஒட்டிக்கொள்ளும்.

இப்போது சிக்கியிருப்பது எது என்ற கேள்வி. ஷாஃப்ட் புஷ்ஷில் பிடித்திருக்கலாம். பின் டாக் நட்டோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். இரண்டும் இல்லாமல் என்ஜினே ஜாம் ஆகியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஹேண்டில் அசையாது, அவ்வளவுதான். முதல் வேலையாக ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, வயர்களை ஒதுக்கிக் கட்டுங்கள். பின் சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, டாப் கியரில் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். கப்பி அசைந்தால் என்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மேக்னெட்டோவில் (பேட்டரி இல்லாமல் பிளக்குக்குப் பொறி தரும் சாதனம்) ஓடும் வண்டியாக இருந்தால் மெதுவாகச் சுற்றும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அது மேக்னெட்டோவைச் சட்டென்று சுண்டிவிடும் இம்பல்ஸ் கப்ளிங் விடுபடும் சத்தம், நல்ல சகுனம். பழைய ஃபோர்ட்சன்களில் இந்தச் சோதனை சரிப்படாது. அதில் பின் அச்சுக்கு வார்ம் கியர் போட்டிருப்பதால், சக்கரத்திலிருந்து என்ஜினைச் சுற்றுவது கஷ்டம். அங்கே கப்பியையே பிடித்துத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

கப்பி அசையும்போது ஹேண்டிலும் கூடவே திரும்பினால், பின் டாக் நட்டுக்குள் மாட்டியிருக்கிறது, ஷாஃப்ட் புஷ்ஷில் சுற்றுகிறது, ஆனால் வெளியே வர மறுக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கப்பி மட்டும் அசைந்து ஹேண்டில் சும்மா நின்றால் ஷாஃப்ட் விலகிய நிலையில் இறுகியிருக்கிறது. கப்பியே அசையவில்லை என்றால் ஹேண்டில் ஷாஃப்ட்டும் டாக் நட்டும் சேர்ந்து பூட்டியிருக்கலாம், அல்லது பிஸ்டன் பிடித்திருக்கலாம். பிஸ்டன் பிடித்த கதை தனி. சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டிய வேலை அது. ஹேண்டிலை வைத்து அதைத் தீர்க்கப் பார்த்தால் பின் முறியும், டாக் நட்டின் பல் போகும்.

விலகிய நிலையில் இறுகிய ஹேண்டிலுக்கு ஐந்தாவதாக ஒரு வழி உண்டு. அதை யாரும் சொல்வதில்லை: அப்படியே விட்டுவிடலாம். செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்கிறது, வண்டியை வருஷத்துக்கு ஒரு தடவை ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துக் கழுவிச் சந்தனம் வைக்கத்தான் வேண்டும் என்றால் எதற்கு இந்தப் பாடு? ஃபெர்குசனில் கியர் லிவரை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் செல்ஃப் எடுக்கும், ஆக கியரில் கிடக்கும் வண்டி தெரியாமல் கிளம்பிவிடும் பயமும் இல்லை. உள்ளே மாட்டிய நிலையில் இறுகியிருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அந்த நிலையில் செல்ஃப் போட்டாலோ இன்னொரு வண்டியை வைத்து இழுத்தாலோ, என்ஜின் பிடித்த நொடியில் ஹேண்டிலும் அதே வேகத்தில் சுழலும். முன்னால் யார் நின்றாலும் கால் எலும்பு மிஞ்சாது.

சரி, எடுத்தே ஆக வேண்டும் என்றால் பிராக்கெட்டின் வாயில் ஒரு திருப்புளி முனையால் சுரண்டி, என்ன உதிர்கிறது என்று பாருங்கள். என் கணக்கில் பாதி முடிவு அங்கேயே தெரிந்துவிடும்.

கறுப்பாக, பிசினாக வந்தால் அது காய்ந்த கிரீஸும் புழுதியும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் உழுத வண்டிகளில் இதுதான் அதிகம். இதற்குத் துரு எண்ணெய் எதுவும் வேண்டாம். கொதிக்கும் தண்ணீரை நிதானமாக ஊற்றினாலோ ஹாட் ஏர் கன் காட்டினாலோ இளகும். அப்புறம் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவலாம்.

வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தால் ரேடியேட்டர் ஒழுகியிருக்கிறது. நம் ஊர் போர் தண்ணீரின் உப்பு எல்லாருக்கும் தெரியும். ஹேண்டில் துளை ரேடியேட்டருக்கு நேர் கீழே இருப்பதால், சொட்டுச் சொட்டாக விழுந்து காய்ந்து, உப்பு பாறையாகக் கட்டியிருக்கும். இதில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் வீண், எண்ணெயில் சுண்ணாம்பு கரையாது. எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றி வைத்தால் நுரைத்துக் கரையும். முடிந்ததும் ஆப்ப சோடாத் தண்ணீரில் கழுவி, உடனே காயவைத்து எண்ணெய் காட்டிவிட வேண்டும். அமிலத்தில் ஊறிக் கிடந்தால் ஸ்பிரிங் நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும்.

சிவப்பாக வந்தால் துரு. இரும்பு துருவாகும்போது முன்னைவிட அதிக இடம் பிடிக்கும். புஷ்ஷுக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவே இருக்கும் நூலிழை இடத்தில் அது வீங்கி ஆப்பு அடித்ததுபோல் இறுக்குகிறது. இந்தச் சிவப்புக்குத்தான் எண்ணெயா, தீயா, ரம்பமா என்ற பஞ்சாயத்தே.

எண்ணெயில் எந்த எண்ணெய் என்று ஒரு தனிச் சண்டை நடக்கும். கடையில் எல்லாரும் கேட்கும் டபிள்யூ.டி.-40, 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்தது, பெயரிலேயே அது இருக்கிறது: டபிள்யூ.டி. என்றால் வாட்டர் டிஸ்பிளேஸ்மென்ட். லேசான துருவுக்குப் போதும். பல வருஷத் துருவுக்கு ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு விடும் ஏ.டி.எஃப். ஆயிலும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தால் நன்றாக இறங்கும். இரண்டும் ஒன்றோடொன்று கலந்து நிற்காது, ஒவ்வொரு தடவையும் குலுக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். பெயின்ட்டை உரிக்கும், சட்டென்று தீப்பிடிக்கும். அதைவிடப் பெரிய பிரச்சினை, ஷாஃப்ட் படுக்கையாக இருப்பது. ஊற்றியது உள்ளே போகாமல் வழிந்து மண்ணில்தான் விழும். பிராக்கெட் வாயைச் சுற்றிக் களிமண்ணால் சின்ன வரப்புக் கட்டி, பழைய வேட்டித் துணியைத் திரித்து உள்ளே செருகி, ரேடியேட்டர் மூடியிலிருந்து ஒரு குளுக்கோஸ் டியூப்பைத் தொங்கவிட்டுச் சொட்ட வைத்தால் ஒரு பாட்டில் எண்ணெய் ராத்திரி முழுக்க உள்ளே இறங்கும். அக்னி நட்சத்திர வெயிலில் வண்டியை வெளியே நிறுத்தினால் இரும்பும் சுடும், எண்ணெயும் தண்ணியாகி இன்னும் வேகமாகப் போகும். வெயிலில் வைப்பதானால் அசிட்டோன் கலக்காத எண்ணெயைத்தான் விட வேண்டும்.

எண்ணெய் வழியில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பல பிராக்கெட்டுகளில் புஷ்ஷுக்குக் கிரீஸ் அடிக்க ஒரு சின்ன மூக்கு, அதாவது கிரீஸ் நிப்பிள் இருக்கும். சேற்றில் மூடிக் கிடப்பதால் கண்ணில் படாது. நிப்பிளைக் கழற்றி, ஓட்டையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, புது நிப்பிள் போட்டு, கிரீஸ் கன்னில் கிரீஸுக்குப் பதில் 90 கியர் ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து நிரப்பி அடியுங்கள். லிவர் வைத்த கை கன்னிலேயே ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் எழும்பும். மேலே ஊற்றும் எண்ணெய் தானாக ஊறிப் போக வேண்டும், இது உள்ளேயிருந்து தள்ளிக்கொண்டு வரும். லிவர் கல்லாக இறுகி நின்றால் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்து இன்னொரு அடி அடியுங்கள். ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு இடத்தில் செந்நிறச் சொட்டு ஒன்று எட்டிப் பார்த்தால் வழி பிறந்துவிட்டது. அந்தச் சொட்டு சுற்றிலும் வளையமாக வரும்வரை விடாமல் செய்ய வேண்டும்.

தீ விஷயத்துக்கு வருவோம். கணக்கு இதுதான்: 25 மில்லிமீட்டர் துளையுள்ள வார்ப்பிரும்பு பிராக்கெட்டை 200 டிகிரி கூட்டினால் துளை ஏறத்தாழ 0.05 மில்லிமீட்டர் விரியும். கேட்கச் சின்னதாக இருக்கும், துருவின் பிடியை உடைக்க அது தாராளம். ஆனால் ஷாஃப்ட் சூடாவதற்குள் பிராக்கெட் மட்டும் சூடாக வேண்டும். சின்ன டார்ச்சை வைத்து நிதானமாகக் காட்டினால் இரண்டும் சேர்ந்து சூடாகி, சேர்ந்து விரிந்து, ஒன்றும் நடக்காது. இன்னொரு சிக்கல், புஷ் கன்மெட்டலாக (செம்புக் கலவை உலோகம்) இருந்தால். கன்மெட்டல் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு விரியும். வெளியே இரும்பு பிடித்திருப்பதால் அது உள்பக்கமாகத்தான் விரியப் பார்க்கும். அதாவது சூடு காட்டக் காட்ட ஷாஃப்ட்டை இன்னும் இறுக்கும். ஆறும்போது துரு பிளந்து எண்ணெய் உள்ளே இழுக்கப்படும், அந்த நன்மை மட்டும்தான் மிச்சம்.

பக்கத்தில் என்னென்ன இருக்கிறது என்றும் பாருங்கள். தலைக்கு மேலே ரேடியேட்டர், அதன் ஈயப் பற்று. கப்பிக்குப் பின்னால் கிராங்க் ஆயில் சீல். இந்த வண்டிகள் பலவற்றில் என்ஜினுக்கு நேர் மேலேயே எரிபொருள் டேங்க். அவசரத்தில் சூடான வார்ப்பிரும்பில் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். முக்கியமாக, இரண்டு நாள் டீசலும் அசிட்டோனும் ஊறிய இடத்தில் நெருப்பைக் கொண்டு போகக் கூடாது. அதனால் தீ வைக்கும் எண்ணம் இருந்தால் அதை முதலில் செய்ய வேண்டும். எண்ணெய் பலிக்கவில்லை, அடுத்தது தீ என்று போகும் வரிசைதான் எல்லாரும் செய்வது, அதுதான் ஆபத்தானதும். பிராக்கெட்டைத் தனியாகக் கழற்றி வெளியே வைத்து, கழுவித் துடைத்த பிறகு தாராளமாகச் சூடு காட்டலாம். ஆனால் ஃபெர்குசன் வகை வண்டிகளுக்குச் சேசிஸ் கிடையாது, என்ஜினும் கியர் பாக்ஸுமே உடம்பு. முன் பிராக்கெட்டைக் கழற்றுவது என்றால் முன் அச்சே போய்விடும், என்ஜினுக்கு அடியில் பலமான முட்டுக் கொடுக்காமல் போல்ட்டில் கை வைக்க முடியாது.

சுத்தியல் பற்றி ரெண்டு வார்த்தை. ஷாஃப்ட்டை உள்நோக்கி அடித்தால் அந்த அடி முழுவதும் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் திரஸ்ட் பேரிங் மேல் இறங்கும். வெளியே இழுக்கத்தான் வேண்டும். ஷாஃப்ட்டைப் பிடித்து ஒரு பட்டைக் கிளாம்ப், அதிலிருந்து இரண்டு நீள போல்ட், போல்ட் முனைகள் பிராக்கெட் முகத்தில் தள்ளும்படி வைத்தால் போதும். நட்டை இறுக்கி விறைப்பேற்றிவிட்டு, பிராக்கெட்டின் பக்கவாட்டில் பித்தளைக் கம்பி வைத்து லேசாகத் தட்டவும். போய்விட்டு மறுநாள் வந்து நட்டைக் கால் சுற்று. கிரீஸ் கன்னும் இந்த விறைப்பும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும், தனித்தனியாகச் செய்தால் பாதி பலன்கூடக் கிடையாது.

சலவை சோடாத் தண்ணீரில் மூழ்க வைத்து பேட்டரி சார்ஜர் கொடுக்கும் முறையையும் சிலர் சொல்வார்கள். கழற்றி எடுத்த சாமானைச் சுத்தம் செய்ய அது அருமை. வண்டியில் இருக்கும் புஷ்ஷுக்குள்ளே மின்சாரம் போய்ச் சேராது, இங்கே பயன் இல்லை.

இனி ரம்பம். இதைக் கேட்டதும் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், ஒரிஜினல் போய்விடுமே என்று. எனக்கு அந்தக் கவலை இல்லை. இந்த வண்டியில் எதைத் திரும்பச் செய்ய முடியும், எது போனால் கிடைக்கவே கிடைக்காது என்று பிரித்துப் பாருங்கள். ஹேண்டில் ஷாஃப்ட் ஒரு உருண்டைக் கம்பி. கே.புதூர் தொழிற்பேட்டையிலோ கப்பலூரிலோ எந்த லேத்திலும் இ.என்.8 எஃகு ராடில் கடைந்து கொடுப்பார்கள். புஷ்ஷும் அப்படியே, கன்மெட்டலில் ஒரு வளையம். பின், ஸ்பிரிங் எல்லாம் கடைச் சாமான். முன் பிராக்கெட் வார்ப்பு உடைந்தாலோ விரிசல் விட்டாலோ அதை ஒட்டவைப்பது பெரும்பாடு, மாற்று வார்ப்புக்குப் பழைய இரும்புக் கடை கடையாக அலைய வேண்டும். டாக் நட்டின் பல் போனால் அந்த அளவில் புதிதாக வெட்டித் தரும் கை குறைவு. இப்படிப் பார்த்தால், பைப் போட்டுத் தொங்குவதும் சம்மட்டியும் கேஸும் எல்லாமே மலிவான ஷாஃப்ட்டைக் காப்பாற்ற விலையில்லாத வார்ப்பைப் பணயம் வைக்கிற வேலை. ரம்பம் அதற்கு நேர் எதிர்.

வாடிப்பட்டிப் பக்கத்தில் என் தாய்மாமனின் மண்ணெண்ணெயில் ஓடும் டிராக்டரில் ஹேண்டில் உள்ளே மாட்டிய நிலையில் இறுகியிருக்கிறது. சுரண்டினால் சிவப்பு, கூடவே கொஞ்சம் கறுப்பு. என்ஜின் சுற்றுகிறது. "கேஸ் வச்சா அரை மணி நேர வேலைடா மாப்ள" என்பது அவர் கட்சி. நான் சொல்வது: முதலில் வெந்நீர், பிறகு கிரீஸ் கன்னும் விறைப்பும். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவசரப்படுத்துகிற ஆள் மாமா ஒருவர்தான். பூஜைக்குப் பத்து நாள் முன்னால்வரை பார்ப்போம். அசைந்து கொடுக்கவில்லை என்றால் பிராக்கெட்டுக்கும் கப்பிக்கும் நடுவே ரம்ப பிளேடை விட்டு அறுத்துவிட வேண்டியதுதான். பிராக்கெட்டுக்குள் மிஞ்சும் துண்டை நடுவில் துளை போட்டு மெலிதாக்கி எடுக்கலாம். டாக் நட்டில் ஒட்டிய துண்டைத் தனியாக எண்ணெயில் ஊறவைத்துத் தட்டிக் கழற்றலாம். எல்லாப் பக்கமும் கை போகும் என்பதால் அது கஷ்டமில்லை. கேஸ் வேண்டாம். அந்த வண்டியின் டேங்க் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

லேத்தில் சொல்ல வேண்டியவை: புஷ்ஷுக்கும் ஷாஃப்ட்டுக்கும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளி, இது பேரிங் இல்லை, கொஞ்சம் தளர்வாக இருப்பதே நல்லது. புஷ்ஷில் நிப்பிளுக்கு நேராகத் துளை. பின் சற்று மெலிந்ததாக இருக்கட்டும், மீறிய விசை வந்தால் டாக் நட்டுக்கு முன்னால் அது முறிய வேண்டும்.

புது ஷாஃப்ட்டை மாட்டியதும், பிளக் வயர்களை இணைக்கும் முன், ஹேண்டிலை உள்ளே தள்ளிப் பின்னைப் பல்லில் உட்காரவைத்து இடப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். என்ஜின் பிடிக்கும்போது நடப்பதும் இதே அசைவுதான். பின் சாய்வில் ஏறி, ஸ்பிரிங் இழுத்து, ஷாஃப்ட் முழுசாக வெளியே வந்து நிற்க வேண்டும். பாதியில் நின்றால் ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுத்தான் பிளக் வயரைத் தொட வேண்டும். சுற்றும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். கிணற்றுக்கு மோட்டார் வருவதற்கு முந்தைய காலத்தில் கிர்லோஸ்கர் என்ஜினைச் சுற்றிப் பழகிய கைகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, அவர்கள் பேரன்களுக்குச் சொல்லியாக வேண்டும்.